இடஞ்சுழி

அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்தது: டிரைவர் பக்கம்.
இன்னொன்றில்: பயணி பக்கம்.
சுபாருவுக்கு ஸ்டீயரிங் வலது.
ஜப்பானில் ஓடிக் களைத்து, கப்பலேறி, ரயிலேறி
காரா-பால்தாவுக்கு வந்து சேர்ந்த வண்டி.
பெட்டி வந்தது அமெரிக்காவிலிருந்து.
அங்கே டிரைவர் என்றால் இடது.
இது எங்களுக்கு உறைத்தபோது
எர்மேக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
மூன்று பயணிகளோடும் ஒரு கல்யாணக் கேக்கோடும்
கணவாய்ப் பக்கம் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

உறைத்தது எனக்கல்ல, தாலாய்க்கு.
தேநீர்க் கோப்பையைப் பெட்டியின் மேல் வைத்தான்.
எழுத்தைச் சுற்றி ஈர வட்டம்.
"சைரா,
எந்த ஊர் டிரைவர்?"

தப்பாக மாட்டிய டிஸ்க்கும் வண்டியை நிறுத்தும்.
அதுதான் அதன் வஞ்சகம்.
பட்டறை வாசலில், சந்தைத் தெருவில்,
குறுக்கே வந்த செம்மறியின் மூக்குக்கு முன்னால்
கச்சிதமாக நிற்கும்.
மிதியில் நடுக்கமில்லை, முனகலில்லை.

உள்ளே, இரண்டு தகடுகளுக்கு நடுவிலுள்ள இருட்டில்,
வளைந்த விலா எலும்புகள்.
நடுவில் காற்றை வாங்கி விளிம்பில் வீசுவது அவற்றின் பிழைப்பு.
சக்கரத்தின் உச்சியில்
அவை வண்டியின் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்,
ஓடுகிறவன் சட்டை பின்னால் பறப்பதுபோல.
வலப்பக்கச் சக்கரம் வலஞ்சுழி,
இடப்பக்கச் சக்கரம் இடஞ்சுழி.
மாறிப்போனால் காற்றோடு முட்டும்.
சூடு உள்ளேயே குடியிருக்கும்.
சமவெளிக்கு அது தெரியாது.
சூசாமிருக்கு இறங்கும் வளைவுகளுக்குத் தெரியும்.

மாட்டியது நான்.
துருவைத் தேய்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன்,
ஒவ்வொரு போல்ட்டையும் மானி பார்த்து முறுக்கினேன்.
அவ்வளவு சரியாகச் செய்திருந்தேன், தப்பை.

ஏழு முறை அழைத்தேன். எட்டாவதில் எடுத்தான்.
குகைப்பாதை வாசலில், லாரி வரிசையில்.
"இறங்காதே."
"ஏன், பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே."
"பிடிக்கும். அங்கேயே நில்."
"கேக் உருகிவிடும்."
"அந்தக் குளிரிலா?"

தாலாயின் நிவா முக்கி முக்கி ஏறியது.
பின்சீட்டில் ஜாக்கி, பதினேழாம் எண் சாவி,
கேலிப்பரைக் கட்டித் தொங்கவிட ஒரு துண்டுக் கம்பி.

உச்சியில் இரும்பு விரலைக் கவ்வியது.
மணப்பெண்ணின் சித்தி ஒருத்தி
மடியிலிருந்த கேக்கை எர்மேக்கிடம் கொடுத்துவிட்டு
கேட்காமலே டார்ச்சை வாங்கிப் பிடித்தாள்.
இம்முறை பெட்டியை நான் கொண்டுபோகவில்லை.
வெளிச்சத்தைத் தகடுகளுக்கு நடுவே விடச் சொன்னேன்.
விலாக்கள் முன்பக்கம் சாய்ந்திருந்தன,
எதிர்காற்றில் கவிழ்ந்த குடை மாதிரி.

புதிதாக எதுவும் வாங்கவில்லை.
எதுவும் பழுதில்லை.
இடத்துக்கு உரியது இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.
வலத்தைக் கழற்றி இடத்துக்கு,
இடத்தைக் கழற்றி வலத்துக்கு.
பின்னாலிருந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்து அடித்து
பிறகு இறங்கி வந்து ஜாக்கியை மிதித்தான்.

"இரண்டு தடவை வேலைக்கு
இரண்டு தடவை காசா?" என்றான் எர்மேக்.
நான் சாவிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவன் முன்னே இறங்கினான்.
நாங்கள் பின்னால், ஜன்னலைத் திறந்துவிட்டு
மோந்துகொண்டே.
டீசல். பனி. எங்கோ சுடும் கறி.
ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் சிவப்பு விளக்கு
எரிந்தது, அணைந்தது.
ஐந்தாவது வளைவில் வந்தது,
கருகிய வாடை.

விளக்கடித்தேன், ஹார்னடித்தேன்.
ஒதுங்கி நின்றான்.
ஓடிப்போய் அவன் சக்கரத்தருகே உள்ளங்கையைக் காட்டினேன்.
வலம், இளஞ்சூடு.
இடம், இளஞ்சூடு.
தாலாய் நிவாவின் முன்னால் குந்தியிருந்தான்.
அதன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை.

அது ஆறும்வரை
எல்லோரும் சாலையோரம் நின்றோம்.
கேக்கை மறுபடி மடியில் வாங்கிக்கொண்டு
கதவைத் திறந்துவைத்து
எங்களுக்காகக் காத்திருந்தாள் சித்தி.